ஆச்சா டிரெசர்

சுவாமிதாஸ் அண்ணனுக்கு ஊர் வைத்த பெயர் ‘ஆச்சா டிரெசர்’. சாலைக் கடைவீதியில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட அவரைக் கண்டால், “டிரெசரே, ஆச்சா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டாது என்பது பக்கத்தில் நின்று வேலை பார்த்த எனக்குத் தெரியும். போன டிசம்பரில் அவர் இறந்தபோது, கல்லறைத் தோட்டத்தில் உபதேசியார் ‘உண்மையுள்ள ஊழியக்காரன்’ என்று சொல்லி முடித்துக்கொண்டார். அது எந்தச் செத்தவனுக்கும் பொருந்துகிற பேச்சு. எனக்கு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் ராகேல். ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்த ஆறுமுகநயினார் கட்டிவைத்த தர்ம ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக நர்ஸ். இருபது கட்டில், ஒரு டாக்டர், ஒரு அறுவை அறை. எனக்கு நாக்கு நீளம் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். இருக்கட்டும். நீளமான நாக்குக்கும் ஒரு உபயோகம் வேண்டாமா?

அண்ணன் மார்த்தாண்டத்துப் பக்கத்துக்காரர். 1914இல் எங்கள் ஆஸ்பத்திரியில் டிரெசராகச் சேர்ந்தார். புண் கழுவுவது, கட்டுப் போடுவது, எலும்புக்கு மூங்கில் பத்தை வைப்பது எல்லாம் செய்வார். ஆனால் அவர் கை பேர் வாங்கியது வயிற்றில் வெள்ளம் எடுப்பதில். மகோதரம் வந்தவர்களுக்கு வயிற்றில் குடம் குடமாக நீர் கோத்துக்கொள்ளும். மூச்சு முட்டும், படுக்க முடியாது. அந்த நீரை வெளியே எடுத்தால் பத்துப் பதினைந்து நாளாவது நிம்மதியாக இருப்பார்கள். அதற்கு ‘டிரோக்கார்’ என்று ஒரு சாமான். சுண்டுவிரலில் பாதித் தடிமனுக்கு ஒரு குழாய், அதற்குள் முனை கூர்த்த ஓர் ஊசி. இரண்டையும் சேர்த்துக் குத்தி, ஊசியை மட்டும் உருவினால் குழாய் வழியாக நீர் வாளியில் இறங்கும். இறங்க இறங்க, வயிற்றைச் சுற்றிக் கட்டிய அகலத் துணியை இறுக்கிக்கொண்டே வர வேண்டும். விட்டுவிட்டால் ஆள் மயங்கிச் சாய்ந்துவிடும். அண்ணன் குத்தினால் எறும்பு கடித்த மாதிரிதான் என்பார்கள்.

அந்தக் காலத்தில் குத்துகிற இடம் தொப்புளுக்குக் கீழே, நடுவில். அங்கே ரத்தக்குழாய் குறைவு. ஆனால் அதற்குக் கீழே மூத்திரப்பை இருக்கிறது. காலியாக இருந்தால் எலும்புக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கும். நிறைந்திருந்தால் மேலே எழும்பி ஊசியின் வழியில் வந்து நிற்கும். ஆகவே குத்துவதற்கு முன்னால் ஆளை ஒண்ணுக்குப் போய்விட்டு வரச் சொல்ல வேண்டும். இது டிரெசர் வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். அண்ணன் அதை மறந்தவர் இல்லை. கேட்கத்தான் செய்தார். எப்படிக் கேட்டார் என்பதுதான் விஷயம்.

இனி நான் சொல்லப்போவதை அவர் இருபத்தைந்து வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

கொல்லம் 1098 ஆடி மாதம், இங்கிலீஷ் கணக்கில் 1923. ஒரு வெள்ளிக்கிழமை. டாக்டர் நாகர்கோவில் போயிருந்தார். வெள்ளம் எடுக்கிற வேலையை அவர் அண்ணன் கையில் விட்டுப்போவது வழக்கம். வலியசாலை அக்ரகாரத்திலிருந்து பிச்சுமணி என்ற சர்க்கார் கச்சேரி குமாஸ்தா மாட்டுவண்டியில் மனைவியைக் கூட்டி வந்தார். பெயர் சூடாமணி, இருபத்தாறு வயது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. வீட்டில் விட்டுவர ஆளில்லாமல் மூன்று வயசுப் பெண் குழந்தையையும் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். விடியற்காலம் குளித்து மடியுடுத்திப் புறப்பட்டவள், எட்டு மணியிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முறை வரும்போது மணி பத்தே கால். பிச்சுமணி இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வேதக்கார, கிறிஸ்தவ ஆண்பிள்ளை, அக்ரகாரத்துப் பெண்ணிடம் நேரே முகத்தைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்பது அன்றைக்கு நடக்கிற காரியமல்ல. திரைக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணன் புருஷனிடம் சொன்னார்.

“சாமி, அம்மா ஒண்ணுக்குப் போயாச்சான்னு கேளுங்க.”

பிச்சுமணி திரைக்குள் தலையை விட்டார். உள்ளே தாழ்ந்த குரலில் ஏதோ பேச்சு. வெளியே வந்தார்.

“ஆச்சாம். சீக்கிரம் பண்ணுங்கோ.”

அண்ணன் உள்ளே போனார். அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். துணியைச் சுற்றினார், குத்தினார். மஞ்சளாக, தெளிவாக நீர் வந்தது. மகோதர நீரும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் வாளியிலிருந்து எழும்பிய வாடை வேறு. ஒன்பது வருஷமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறவனுக்கு அந்த வாடையைச் சொல்லித்தர வேண்டாம். கால் வாளிகூட வராமல் நின்றுவிட்டது. வயிறு பானையாக அப்படியே இருந்தது.

அவருக்குத் தெரிந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். மூத்திரப்பைக்குள் கீழ்வழியாக ஒரு ரப்பர் குழாயை விட்டு ஒரு வாரம் ஒழுகவிட்டால் ஓட்டை தானாக மூடிக்கொள்ள வாய்ப்பு உண்டு. டாக்டர் முன்பு ஒருவனுக்கு அப்படிச் செய்து பிழைக்க வைத்ததை அண்ணன் கண்ணால் பார்த்திருக்கிறார். டாக்டருக்குத் தந்தி கொடுத்திருக்கலாம். குறைந்தபட்சம் அவளைக் கட்டிலில் படுக்க வைத்திருக்கலாம். ஆனால் அவருக்குக் கல்யாணமாகி மூன்று மாசம். வேலை போனால் ஊருக்குத் திரும்பிப் பனையேற வேண்டும். பஞ்சை ஒட்டினார். துணியோடேயே எழுப்பினார்.

“இன்னைக்கு இவ்வளவுதான் வருது, சாமி. செவ்வாய்க்கிழமை கொண்டு வாருங்க” என்றார்.

செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பிச்சுமணி குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். துவைத்து மடித்த அகலத் துணியை மேஜைமேல் வைத்தார். “மூணாம் நாள் ஜுரம் வந்தது. அஞ்சாம் நாள் போயிட்டா. இது உங்க ஆஸ்பத்திரித் துணி” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டார்.

அலமாரியில் அதே மாதிரி பன்னிரண்டு துணிகள். கொதிக்கவைத்து உலர்த்தி அடுக்கும்போது அது மற்றவற்றோடு கலந்துபோயிற்று. அவள் வயிற்றைச் சுற்றியது எது என்று பிறகு அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவை ஒரு துணியை எடுக்கும்போதும், இதுதானோ என்று கை நிற்கும்.

நான் வேலையில் சேர்ந்தது 1930இல். வந்த வாரமே கவனித்தேன். அண்ணன் யாருக்குக் குத்தினாலும், ஆணோ பெண்ணோ, தாமே நேரே கேட்பார். “ஆச்சா?” ஆச்சு என்றால் நம்பமாட்டார். மறுபடி கேட்பார். மூன்றாம் தடவை என்னை அனுப்பிப் பாத்திரத்தை எடுத்துவரச் சொல்லி, வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் கை கழுவுவார். அதற்குமேல் விரலால் அடிவயிற்றைத் தட்டிப் பார்ப்பார். குத்துகிற இடத்தையும் மாற்றிவிட்டார். நடுவில் குத்தவே மாட்டார். இடது பக்கம், மூத்திரப்பை என்ன எழும்பினாலும் எட்டாத இடத்தில். ஒருமுறை ஒரு கிழவருக்குக் கோபம் வந்து, “எனக்குப் பொண்ணு பாக்கக்கூட இத்தன கேள்வி கேக்கல்லடே” என்று கத்தினார். வார்டே சிரித்தது. பெயர் அப்படித்தான் வந்தது.

பெண்கள் வார்டுக்குப் பின்னால் வெட்டுக்கல்லில் ஒரு சின்ன அறை இருக்கிறது. தாழ்ப்பாள் போட்ட கதவு, கல் பாவிய தரை, மூலையில் அடுப்பேற்றிய செம்புக் கொப்பரை. ஒதுங்கவும் குளிக்கவும் இடம். அதைக் கட்டித்தரச் சொல்லி 1924இல் ஆறுமுகநயினார் வீட்டுக்கு மூன்று மாதம் நடந்தவர் அண்ணன். “வேதக்காரன் ஒருத்தன் அக்ரகாரத்துப் பொம்பிளையளுக்குக் குளிமுறி கேட்டு வந்து நிக்கான் பாரு” என்று நயினார் கேலி செய்வாராம். காரணம் அவருக்கும் தெரியாது.

இதெல்லாம் ஒரு ஜாக்கிரதைக்காரரின் பழக்கம் என்று நானும் நினைத்திருப்பேன். ஆனால் இன்னொன்று இருந்தது. ‘ஆச்சா?’ என்று கேட்டதும் அண்ணன் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். கட்டிலில் இருப்பவள் வாயே திறந்திருக்கமாட்டாள். இவர் யாரோ பேசி முடிக்கட்டும் என்கிற மாதிரி நிற்பார். பிறகு மறுபடி கேட்பார். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“யாருக்கக் குரலக் கேட்டு நிக்கீங்க, அண்ணே?”

அவர் மறைக்கவில்லை. “ஒருத்தி நிக்கா, ராகேலு. நான் யாருட்டக் கேட்டாலும் அவ முந்திக்கிட்டு ‘ஆச்சு’ங்கா. அதுக்குப் பொறவுதான் கட்டில்ல கெடக்கவ சொல்லுகா.”

“யாரு அவ?”

“தெரிஞ்சவதான்.”

தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். கோயிலில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது அவர் உதடு அசையும், சத்தம் வராது. அதையும் நான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. ஆனால் வெள்ளம் எடுக்கிற நாளில் அவரோடு திரைக்குள் நிற்கும்போது, அங்கே நாங்கள் மூன்று பேர் மட்டும் இல்லை என்று பதினெட்டு வருஷமும் எனக்குத் தோன்றிக்கொண்டேதான் இருந்தது.

1948 ஆனியில் ஒரு காலை. வாடகைக் காரில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெயர் சாவித்ரி, இருபத்தெட்டு வயது. பிரசவித்துப் பதினாறு நாள். ஐந்தாம் நாள் ஜுரம் வந்திருக்கிறது. ஒரு டாக்டர் சல்ஃபா மாத்திரை கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வீட்டிலோ பிள்ளை பெற்றவளுக்கு வேளைக்கு ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணம் வெந்நீர்தான், அதற்குமேல் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும் என்று கட்டுப்பாடு. மாத்திரையையும் விடவில்லை, பத்தியத்தையும் விடவில்லை. தண்ணீர் போதாமல் மாத்திரை உப்பு மாதிரி உறைந்து சிறுநீரகத்தை அடைத்துவிட்டது. ஐந்து நாளாக ஒரு சொட்டு இறங்கவில்லை. முகம் உப்பி, வாந்தியெடுத்து, கூப்பிட்டால் பாதிக்கண் திறந்து மூடிக்கொண்டாள்.

அப்போது எங்கள் டாக்டர் வெங்கடசுப்ரமணியன். முப்பது வயசு, எதையும் புஸ்தகத்தில் தேடுகிறவர். அமெரிக்காவிலிருந்து வந்த பத்திரிகை ஒன்றை விரித்து எங்களிடம் விளக்கினார். சிறுநீரகம் கழிக்க வேண்டிய விஷம் ரத்தத்தில் தேங்கி நிற்கிறது. வயிற்றுக்குள் ஒரு குழாயை வைத்து, கணக்காக உப்பும் குளுகோஸும் கரைத்த சுத்தமான நீரை விட்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்து வெளியே எடுத்தால், அந்த நீர் விஷத்தையும் இழுத்துக்கொண்டு வரும். சிறுநீரகம் விழித்துக்கொள்ளும்வரை இப்படித் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

“நான் பண்ணினதில்லை. இங்கே யாரும் பண்ணியிருப்பான்னும் தோணலை. ஆனா இதை விட்டா இவளுக்கு ரெண்டு நாள்தான்” என்றார்.

அண்ணன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவித்ரி, தகப்பனார் பிச்சுமணி, வலியசாலை.

புருஷன் பம்பாயில் வேலையில் இருந்ததால் சம்மதம் சொல்ல வேண்டியவர் தகப்பனார்தான். வராந்தாவில் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் கையை ஆட்டினார்.

“வயித்துல குத்தறதா? வேண்டவே வேண்டாம். இவ அம்மா அப்படித்தான் போனா. இதே ஆஸ்பத்திரி, கேட்டேளா. காரைக் கூப்பிடுங்கோ, ஆத்துக்குக் கொண்டு போறேன்.”

டாக்டர் எவ்வளவோ சொன்னார். அவர் படியிறங்கத் தொடங்கிவிட்டார். அப்போது அண்ணன் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றார். அந்த மனுஷன் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“சாமி, நில்லுங்க. அம்மா செத்தது குத்தினதுனால இல்ல. நான் மூத்திரப்பையில குத்திப்போட்டேன். அது எனக்கு அப்பமே தெரியும். சொல்லியிருந்தா டாக்டர் ஒரு குழாய் போட்டு வச்சிருப்பாரு, பிழைச்சிருப்பாவளா இருக்கும். வேலை போயிருமேன்னு பயந்து நான் வாயப் பூட்டிக்கிட்டேன். இருவத்தஞ்சு வருசமாட்டுப் பூட்டிக்கிட்டு நடக்கேன். என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க. பிள்ளைய மட்டும் இங்கேருந்து கொண்டு போவாதீங்க.”

யார் அந்த ‘தெரிஞ்சவ’ என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிச்சுமணி இப்போது அறைவார், இல்லாவிட்டால் போலீசைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. பயம் மாதிரி ஏதோ இருந்தது.

“அன்னிக்குத் திரைக்குள்ளே நாங்க பேசினது உமக்குக் கேட்டுதா?” என்று கேட்டார்.

“இல்ல, சாமி. நீங்க வெளியே வந்து ஆச்சாம்னு சொன்னதுதான் கேட்டுது.”

பிச்சுமணி கண்ணை மூடிக்கொண்டார். “பண்ணுங்கோ” என்றார்.

டாக்டர் அண்ணனை விலக்கிவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் நேரே கை கழுவப் போனார். ஆனால் பத்திரிகையில் போட்டிருந்த மாதிரி நடுவில் குறி வைத்தபோது, அண்ணன் அவர் கையைப் பிடித்தார். “நடு வேண்டாம், சார். இடது பக்கம்.” பிறகு குனிந்து, ஐந்து நாளாகச் சொட்டு இறங்காதவளின் காதருகே, மகளைக் கூப்பிடுகிற மாதிரி, “மோளே, ஆச்சா?” என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சாவித்ரி முனகினாள். “இல்லை.” அண்ணன் தலை நிமிர்ந்தார். அந்த ஒரு சொல்லில் அவருக்குத் தெம்பு வந்த மாதிரி இருந்தது.

இடது பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, டிரோக்காரால் குத்தி, அதன் வழியே ரப்பர் குழாயை விட்டார்கள். குழாயின் நுனியில் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் நான்தான் துளைகள் போட்டிருந்தேன். இரண்டு புட்டி நீர் உள்ளே போயிற்று. வெளியே வர வேண்டிய நேரத்தில் அரை டம்ளர் வந்து நின்றது. வயிறு உப்பிக்கொண்டே இருந்தது. டாக்டருக்கு வியர்த்தது. குடலுக்கு முன்னால் கொழுப்பு ஒரு திரைச்சீலை மாதிரி தொங்கும். அது துளைகளுக்குள் உறிஞ்சப்பட்டு அடைத்துக்கொண்டது. வெள்ளம் எடுக்கும்போது இப்படி அடைத்து அண்ணன் எத்தனையோ தடவை பார்த்தவர்.

“குருடனாட்டுக் குத்தி விடாண்டாம், சார். கொஞ்சமாட்டுத் திறந்து, கண்ணால பாத்து விடுவோம். முன்சுவரோட ஒட்டி, கீழ இடுப்புக்குழி வரைக்கும் போவணும். அங்க அந்தக் கொழுப்பு எட்டாது.”

டாக்டர் குழாயை உருவிவிட்டு அதே இடத்தில் இரண்டு விரற்கடை கீறினார். வயிற்றின் உள்தோலை இரண்டு கிடுக்கியால் தூக்கிப் பிடித்துச் சின்னதாகத் திறந்து, குழாயைச் சரித்துக் கீழே நழுவவிட்டார். திறப்பைச் சுற்றி, சுருக்குப்பை வாயைக் கட்டுகிற மாதிரி நூலை ஓட்டி இறுக்கினார். அப்படியும் ஓரத்தில் ஈரம் கசிந்தது. அண்ணன் இன்னொரு யோசனை சொன்னார். குழாயை அங்கேயே நேராக வெளியே விடாமல், தோலுக்கடியில் பாவாடைக்கு நாடா கோர்க்கிற மாதிரி இரண்டு அங்குலம் ஓட்டி, தள்ளி ஒரு சின்ன ஓட்டை வழியே எடுக்கலாம் என்று. கசிவு நின்றது. புட்டியைத் தூக்கினோம், நீர் உள்ளே போயிற்று. இறக்கினோம், கலங்கலாக, முழுசாகத் திரும்பி வந்தது. டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு நாளைக்கு இவ்வளவு நீரைக் கொதிக்கவைக்க எங்கள் பாத்திரங்கள் போதவில்லை. குளிமுறிக் கொப்பரையைத் தேய்த்துக் கழுவி, அதில் காய்ச்சி வடிகட்டி, பிறகு புட்டியில் அடைத்து மறுபடி ஆவியில் வைத்தோம். ஆறு நாள். இரண்டு மணிக்கு ஒரு தடவை உள்ளே, வெளியே. ஒவ்வொரு தடவையும் அண்ணன் கேட்பார். “ஆச்சா, மோளே?” “இல்லை.” மூன்றாம் நாள் அவள் கண் திறந்து, குழந்தை எங்கே என்று கேட்டாள். ஐந்தாம் நாள் லேசாகக் காய்ச்சல் வந்து எங்களைக் கொன்றது. பெனிசிலின் ஊசி போட்டோம். இறங்கியது. அந்த ஆறு நாளும் அண்ணன் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் நின்றார். “அவ இங்கதான் நிக்கா. மகளப் பாத்துக்கிட்டு” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் புட்டியை மாற்றினேன்.

ஏழாம் நாள் காலையில் அவர் கேட்பதற்கு முன்னாலேயே சாவித்ரி கூப்பிட்டாள்.

“டிரெசர், நேக்கு வரது. நர்ஸைப் பாத்திரம் கொண்டுவரச் சொல்லுங்கோ.”

அண்ணன் வெளியே போய் நின்றார். ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற அளவுதான் இருக்கும். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். அவர் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு முகத்தருகே கொண்டுபோனார். அன்றைக்கு வாளியிலிருந்து எழும்பியது இதே வாடைதான். இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஐம்பத்து மூன்று வயசு ஆண்பிள்ளை ஏங்கி ஏங்கி அழுதார். நானும் அழுதேன், அதைச் சொல்வதற்கென்ன.

பன்னிரண்டாம் நாள் அவளை வீட்டுக்கு அனுப்பினோம். காரில் ஏற்றிய பிறகு பிச்சுமணி எதையோ மறந்தவர் மாதிரி திரும்பி வந்தார். அண்ணனும் நானும் குளிமுறி வாசலில் கொப்பரையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அவர் கதவையும் தாழ்ப்பாளையும் பார்த்தார்.

“இது எப்போ கட்டினது?”

“அம்மா போன மறுவருசம், சாமி.”

அவர் தாழ்ப்பாளை ஒரு தடவை போட்டு எடுத்தார்.

“படியிலே நின்னு நீர் சொன்னப்போ நேக்குக் கோபமே வரலை. ஏன்னு யோசிச்சீரா? அவ ஆச்சுன்னு சொல்லவே இல்லை, டிரெசரே. ‘இல்லை, காலம்பரலேர்ந்து அடக்கிண்டு உக்காந்திருக்கேன், மறைவா ஒரு இடம் இருக்கான்னு அவர்கிட்ட கேளுங்கோ’ன்னா. போயிட்டு வந்தா அவ ஸ்நானம் பண்ணணும். பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துடும். கொஞ்சம் பொறுத்துக்கோன்னு சொல்லிட்டு வந்து, உம்மகிட்டே ஆச்சாம்னேன். அவ சொல்லலை. நான் சொன்னேன்.”

அண்ணன் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

“அப்போ எனக்கு இத்தன வருசமாட்டுக் கேக்க குரலு? பொம்பிளக் குரலு, சாமி.”

பிச்சுமணி கும்பிட்டுவிட்டுக் காருக்குப் போனார்.

எனக்கு அன்றைக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒருத்தி தனக்கு முடியவில்லை என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கிறாள். ஒரு ஆண்பிள்ளை அதை மாற்றிச் சொன்னார், ஒரு ஆண்பிள்ளை மறைத்தார். இருபத்தைந்து வருஷம் ஆளுக்குப் பாதியாக அவளை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். அவள் சொல்லாத சொல்லை அவள் குரலிலேயே இவர் கேட்டுக்கொண்டிருந்தார். இதை அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னேன். “ஆமா” என்றார், அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மகோதரக்காரி ஒருத்தி வந்தாள். டிரோக்கார் தட்டில் தயாராக இருந்தது. “ஆச்சா?” என்று கேட்டுத் தலையைச் சாய்த்தார். அவர் முகம் வெளுத்தது.

“ராகேலு, கொஞ்சம் நில்லு. அவ இப்பம் ‘இல்ல’ங்கா. மறைவா ஒரு எடம் கேக்கா.”

தட்டை மூடிவிட்டுப் பின்பக்கம் போனார். நானும் போனேன். கொப்பரையில் தண்ணீர் நிரப்பினார். பக்கத்தில் செம்பை வைத்தார். கதவை அகலத் திறந்துவிட்டு, பத்தடி தள்ளி வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு பெண்பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு உள்ளே வந்து கை கழுவிக்கொண்டு, “செரி, இனி செய்யலாம்” என்றார்.

இறந்துபோகும்வரை, குத்துகிற நாளெல்லாம் அப்படித்தான் செய்தார். அவர் உள்ளே வந்த பிறகு அந்தக் கதவுக்குள் தரை நனைந்திருக்கிறதா என்று நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. என் குணத்துக்குப் பார்த்திருக்க வேண்டும். இப்போது புது டிரெசர் வந்திருக்கிறான், கை சுத்தமான பையன். அவனுக்கு இதெல்லாம் தெரியாது. செவ்வாயும் வெள்ளியும் அவன் டிரோக்காரைக் கொதிக்கவைக்கிற நேரத்தில், நான்தான் போய்க் கொப்பரையை நிரப்பி, கதவைத் திறந்துவிட்டு, திரும்பி நிற்கிறேன்.